தாத்தா காலத்து எழுதும் மேசையை விற்கப் போறீங்களா? பாலிஷ் போடும் முன் இதைப் பாருங்க!

செட்டிநாட்டு வீடுகளில் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசைகள், இன்று காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு இருக்கின்றன. "நூறு வருஷத்துப் பொருள்" என்று நம்பி அதிக விலைக்கு வாங்குபவரும் உண்டு. "பழைய கட்டைதானே" என்று அடிமாட்டு விலைக்குக் கொடுப்பவரும் உண்டு. இருவரும் பார்க்கத் தவறுவது மேசையின் உள்பக்கத்தைத்தான்.

வயதை எங்கே பார்ப்பது?

டிராயரை முழுசா வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

* மூட்டு: பலகைகள் சேரும் மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் இருக்கும். கையால் வெட்டியிருந்தால் பற்கள் ஒரே அளவில் இருக்காது. அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் மெஷின் வேலை.

* ரம்பத் தடம்: அடிப்பலகையில் வளைந்த கோடுகள் தெரிந்தால், அது வட்ட ரம்பத்தில் அறுத்த மரம்.

* ஸ்க்ரூ: 'பிளஸ்' தலை ஸ்க்ரூ 1930-களில்தான் பரவலாக வந்தது. அது இருந்தால், மேசை அதற்குப் பிந்தியது அல்லது பிறகு ரிப்பேர் பார்த்தது.

பர்மா தேக்குன்னா பழசுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இடித்த வீடுகளின் உத்தரத்திலும் கதவிலும் கிடைக்கும் மரத்தில் புது மேசை செய்கிறார்கள். மரம் பழசு, மேசை புதுசு! தேவையே இல்லாத இடத்தில் அடைத்த துளைகள் இருந்தால் உஷாராக இருங்கள்.

விலையை எது தீர்மானிக்கிறது?

வயது மட்டும் அல்ல. பூட்டு, கைப்பிடி, டிராயர் எல்லாம் அசலாக இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா, இன்றைய வீட்டுக்குள் அடங்குமா என்பதும் சேர்ந்ததுதான் விலை. யார் பயன்படுத்தினார் என்பதற்குப் பழைய போட்டோ, ரசீது இருந்தால் கூடுதல் மதிப்பு.

பலரும் செய்யும் தவறு, விற்கும் முன் சுரண்டி பாலிஷ் போடுவது. பல ஆண்டுகளில் மரத்தில் படிந்த நிறமும், கை பட்ட தேய்மானமும்தான் வயதுக்குச் சாட்சி. அது போனால் திரும்ப வராது. உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கடைசியாக ஒன்று: வாங்க வந்தவரே மதிப்பும் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மேசையை வாங்கப் போகாத ஒருவரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.