தாள் நழுவும் நேரம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த வாரம் அது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோவிலம்பாக்கத்தில் மழை விட்டாலும் தண்ணீர் சட்டென்று வடியாது. என் பட்டறை வாசலில் நனைந்த வண்டிகள் வரிசையாக நின்றன. கீரை விற்கும் பெரியவர் ஒருவர் பழைய டிவிஎஸ் 50-ஐத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"காயில் போச்சாம் தம்பி. மேக்னட் செட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

"மாத்தறது இருக்கட்டும் ஐயா. முதல்ல திறந்து பாப்போம்."

1980-இல் ஓசூரில் பிறந்த மாடல் இது. அந்தக் காலத்து மொபெட்டுகளில் பிளக்குக்குப் பொறி தருவது பேட்டரி அல்ல, மேக்னட், அதாவது எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரும் பிளைவீலில் பதித்த காந்தத்தை நம்பித்தான் உழுதது. இன்று நம் வயலில் ஓடும் டீசல் டிராக்டருக்குப் பொறியே வேண்டாம். அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பெட்ரோலுக்குப் பொறி கட்டாயம்.

சக்கரத்தில் உள்ள காந்தம் காயிலைச் சுற்றிவரும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த வித்தைதான் இது. ஆனால் அந்த மின்சாரம் பொறி பறக்கப் போதாது. அதைப் பிளாட்டினம் என்று நாங்கள் சொல்லும் இரண்டு சின்ன உலோக முனைகள் பிடித்துவைத்திருந்து, சரியான நொடியில் சட்டென்று விலகி அறுத்துவிடுகின்றன. அறுந்த அதிர்வில் காயிலின் மெல்லிய கம்பிச் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பாய்கிறது. முனைகள் தீய்ந்துபோகாமல் காப்பது கண்டன்சர். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் நொடிக்கு 50 பொறி!

பெரியவர் வண்டியின் மேக்னட்டைப் புல்லர் என்னும் கழற்றும் கருவி போட்டு எடுத்தேன். சுத்தியலால் தட்டினால் காந்தத்தின் பலம் குறையும், கிராங்கும் வளையும். உள்ளே சேற்றுநீர் காய்ந்து, பிளாட்டினம் முனைகளில் கறை படிந்திருந்தது. நயமான உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தேன். முனைகளைத் திறக்கும் கேமைத் தொடும் ஃபெல்ட் துண்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் முனைக்குத் தெறித்துப் பொறியைக் கெடுக்கும். சக்கரத்தை நிலைநிறுத்தும் அரைவட்டச் சாவி தேயாமல் இருந்தது.

அடுத்தது முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இந்த மாதிரி மொபெட்டுகளில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். மேக்னட்டைத் திரும்ப மாட்டி, அதன் சன்னல் வழியே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தேன். இடைவெளி கூடினால் முனைகள் முந்தித் திறந்து பொறி முன்னதாக விழும். உதைக்கும்போது எஞ்சின் திருப்பி அடிக்கும். குறைந்தால் பொறி பிந்தும். இழுவை போய், சூடு ஏறும்.

கடைசிச் சோதனைக்கு சிகரெட் பெட்டியின் மெல்லிய தாள் போதும். அதை முனைகளுக்கு நடுவே வைத்து, சக்கரத்தை மெல்லத் திருப்பினேன். சக்கரத்தின் கோடும் எஞ்சின் கோடும் சேர்ந்த இடத்தில் தாள் நழுவி வந்தது. டைமிங் சரி.

பிளக்கில் நீலப்பொறி பளிச்சென்று பறந்தது. மூன்றாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. காயிலும் கண்டன்சரும் பழையவைதான்.

அன்றாடம் சம்பாதிப்பவருக்குப் புது மேக்னட் செட் பெரிய செலவு. "காயில் போச்சு" என்று யாராவது சொன்னால், "பிளாட்டினத்தைத் திறந்து பார்த்தீர்களா?" என்று ஒருமுறை கேளுங்கள்.