நாயை விரட்டினால் தெள்ளு போகுமா?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனபோது லயத்து வாசலில் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி ஒரு கறுப்பு நாய். பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே சிவந்த தடிப்புகள். சொறிந்து சொறிந்து சிலருக்குப் புண்ணாகியிருந்தது. "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லுங்க மிஸ்" என்றார்கள்.

நாயை வளர்க்கும் அக்கா, 1977 வன்செயலின்போது சிறுபிள்ளையாக இங்கிருந்து வன்னிக்குப் போனவர். யுத்தத்தில் கணவரை இழந்தார். இப்போது சின்னம்மா மகளின் காம்பராவில் ஒதுங்கியிருக்கிறார். அண்டியிருப்பவர் வாதாட முடியுமா? "வாசல்ல அது படுத்திருந்தாத்தான் எனக்கு நித்திரை வரும் மிஸ்" என்று மட்டும் சொன்னார். தனித்து வாழும் சகோதரிகளுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

நாயின் வாலடியில் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தோம். சிவப்பாகக் கசிந்தது. தெள்ளின் எச்சம் அது, நாயின் இரத்தமேதான். ஆகவே தெள்ளு நாயில் இருப்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி அங்கே இல்லை. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை உரோமத்தில் ஒட்டாமல் தரையில் உதிரும். புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து மண்தரை வெடிப்பிலும் விறகு மூலையிலும் படுக்கைச் சாக்கிலும் ஒளியும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். இடம்பெயர்ந்து சில மாதங்களின் பின் வீட்டைத் திறந்தவுடன் கால் முழுக்கக் கடி வாங்கியவர்களுக்குக் காரணம் இப்போது புரியும். நாயை விரட்டினால் அந்தப் பசி மனிதர் மேல்தான் திரும்பும்.

கடைசிக் காம்பராப் பாட்டிக்கு வேறு பயம். "தெள்ளுனா கொள்ளை நோய்" என்றார். வெறும் பேச்சல்ல அது. பிளேக் நோயை எலித்தெள்ளு பரப்புவதை போல் லூயி சிமோண்ட் 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். 1914இல் அந்நோய் கொழும்புக்கும் வந்தது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரை நோய்க்குப் பயந்து மண்டபம் முகாமில் தடுத்து வைத்தார்கள். அதே மண்டபத்தில்தான் பின்னாளில் நம் அகதிகளும் தங்கினார்கள். இன்று இங்கே அந்தப் பயம் வேண்டாம் என்று பாட்டியிடம் சொன்னேன். தவழும் குழந்தை தெள்ளை விழுங்கினால் எப்போதாவது நாடாப்புழு வரலாம். மலத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஒரே சுவரைப் பங்குபோடும் லயத்தில் ஒரு காம்பராவை மட்டும் துப்புரவு செய்து பயனில்லை. எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். (ஒரு வீட்டார் வரவில்லை. இரண்டாம் வாரம் வந்தார்கள்.) துணிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டார்கள். பழைய சாக்குகளை எரித்தார்கள். மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையைக் கொதிநீரில் கொட்டினார்கள். வெடிப்புகளை மண் வைத்து மெழுகினார்கள். நாய்க்கு முதலில் கழுத்தைச் சுற்றிச் சவர்க்கார நுரை போட்டோம். இல்லாவிட்டால் தெள்ளு முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். சீப்பில் சிக்கியவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கினோம்.

ஒருவர் தேயிலைக்கு அடிக்கும் மருந்தைப் போத்தலில் கொண்டுவந்தார். நான் சத்தமே போட்டுவிட்டேன். நாய் உடம்பை நக்கும், பிள்ளை நாயைக் கட்டிப்பிடிக்கும். மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றே விடும். பிராணியின் நிறையையும் வயதையும் சொல்லி அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்குவதே சரி. பால்குடிக் குட்டிகளுக்குச் சீப்பு மட்டும் போதும்.

மூன்றாம் வாரம் மறுபடி கடித்தது. "பாத்தீங்களா மிஸ்!" என்றார்கள். கூட்டுக்குள் இருந்தவை வெளிவரும் காலம் அது. வாரம் இருமுறை பெருக்குவதை அவர்கள் விடவில்லை. இரவில் மின்விளக்கின் கீழே அகன்ற தட்டில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தோம். வெளிச்சத்தை நோக்கிக் குதிப்பவை அதில் விழும். முதல் இரவு பிள்ளைகள் முப்பதுக்கு மேல் எண்ணினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது தட்டில் ஒன்றே ஒன்று கிடந்தது. நாய் இஸ்தோப்பில் புதுச் சாக்கின் மேல் படுத்திருந்தது. சாக்கைக் கொடுத்தது, வராத அந்த வீட்டார்தானாம்.