கருவைக் குறித்து ஒரு கருத்துக்கேட்பு

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரத்திலிருக்கும் முகத்துவாரக்குப்பத்து ஜனங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்பது நன்கு பழகிப்போன விஷயம். ஓர் அனல்மின் நிலையமோ ரசாயன ஆலையோ எழும்புவதற்கு முன்னால், அதனால் பாதிக்கப்படக்கூடிய ஊராரைக் கூட்டி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டுமென்றும், திட்டத்தின் சுருக்கத்தை அவர்கள் பாஷையிலேயே முன்கூட்டிக் கொடுக்க வேண்டுமென்றும் மத்திய சர்க்காரின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை விதித்திருக்கிறது. அங்கே சொன்னதெல்லாம் பலித்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துல இறாலைக் காணோம், சாம்பல்தான் இருக்குது" என்று ஒரு மீன்காரப் பெண்மணி அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் இடமாவது இருக்கிறது. மனிதக் கருவை வைத்து நடத்தும் ஆராய்ச்சியைப் பற்றி, விதிகளும் சட்டமும் வந்துவிட்ட பிறகும், இந்தக் கடற்கரையாரின் காதுக்கு எட்டும்படி அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நான் காணவில்லை.

விஷயம் இதுதான். ஆய்வகத்தில் முட்டையும் விந்தணுவும் கூடி உண்டாகும் கரு, ஐந்தாம் நாளில் குண்டூசித் தலையைவிட மிகச் சிறியதான, நூறு இருநூறு உயிரணுக்கள் கொண்ட ஒரு நீர்க்கோளமாகத் திரண்டிருக்கும். அதன் உட்புறத்தில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கொத்துதான் பின்னால் சிசுவாக வளரப்போவது. இதயமாவதா, நரம்பாவதா, எலும்பாவதா என்று இன்னும் தீர்மானமாகாத அந்த உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, அந்தச் சக்தி குன்றாமல் பாத்திரத்தில் பெருக்க முடியும் என்பதை 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் நிரூபித்துக் காட்டினார். இவற்றையே கருவின் ஸ்டெம் செல் என்கிறார்கள். பழுதுபட்ட அவயவங்களைப் புதுப்பிக்கலாம் என்ற மகத்தான நம்பிக்கை அன்று பிறந்தது. அந்தக் கொத்தைப் பிரித்தெடுக்கும்போது கரு அழிந்துபோகிறது என்பதனால் வழக்கும் அன்றே பிறந்தது.

இந்த வழக்கு நமக்கு அந்நியமானதன்று. ராயபுரத்து இராயப்பர் ஆலயத்தில் மண்டியிடும் கத்தோலிக்கருக்குத் திருச்சபை போதிப்பது, கருவுற்ற கணத்திலிருந்தே அது ஒரு மனித உயிர், ஆகவே எந்த நன்மைக்காகவும் அதை அழிக்கலாகாது என்பது. அதே வீதிகளில் வாழும் முஸ்லிம்களின் சட்ட அறிஞர்களிலோ, 120ஆம் நாளில்தான் ஆன்மா ஊதப்படுகிறது என்று கொள்பவர் பலர். ஹிந்துக்களின் கர்ப்போபநிஷத்தோ கரு திரண்டு வளர்வதை நாள் கணக்காகவும் மாதக் கணக்காகவும் படிப்படியாக வர்ணிக்கிறது. இத்தனை சிந்தனையும் ஒன்றோடொன்று தோளுரசி வாழும் வடசென்னையைக் காட்டிலும் இவ்விவாதத்துக்குத் தகுந்த சபை எங்கே கிடைக்கும்?

ஆனால் விவாதம் நடந்தது வாஷிங்டனில். 2001 ஆகஸ்டு 9ஆம் தேதி ஜனாதிபதி புஷ், ஒரு கருவிலிருந்து எடுத்துப் பாத்திரத்தில் பெருக்கிவரும் உயிரணுத் தொடர்களில் அதுவரை உருவாகிவிட்டவற்றைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு மட்டுமே சர்க்கார் பணம் தருவதென்று அறிவித்தார். அம்மாதக் கடைசியில் வெளிவந்த பட்டியலில் உலகெங்குமுள்ள பத்து ஸ்தாபனங்களில் 64 தொடர்கள் இருப்பதாகக் கண்டிருந்தது. அவற்றுள் ஏழு பம்பாயில் ரிலையன்ஸ் லைஃப் ஸயன்ஸஸ் ஸ்தாபனத்திலும், மூன்று பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இருந்தன! அமெரிக்கர்கள் மாதக்கணக்கில் தங்கள் மனச்சாட்சியோடு மல்லாடிய காலத்தில், நம் நாட்டில் அதற்குரிய விதிமுறை நூல்கூடப் பிரசுரமாகியிருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதை வெளியிட்டது 2007இல்தான். பிள்ளை வரம் வேண்டிச் சிகிச்சைக்கு வரும் தம்பதியரிடம் எஞ்சும் கருக்களிலிருந்துதான் இத்தகைய தொடர்கள் பிறக்கின்றன. உலகம் முழுவதும் பேசிய அந்த விஷயத்தில் அத்தகைய தாய்மாரின் குரல் மட்டும் என் காதுக்கு எட்டவேயில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்குமேல் வளர்க்கலாகாது என்பது 1984இல் பிரிட்டனின் வார்னாக் குழு வகுத்த எல்லை; முதுகெலும்பு அமையவிருக்கும் அச்சுக்கோடு ஏறக்குறைய அப்போதுதான் தோன்றுகிறது. நம்முடைய விதிகளும் அதையே ஏற்றன. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டமோ, உறைநிலையில் வைத்த கருவைப் பத்து ஆண்டுக்குமேல் பாதுகாக்கலாகாது, அதன்பின் அழிய விட வேண்டும் அல்லது தம்பதியரின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்குத் தானம் செய்ய வேண்டும் என்கிறது. கரு உயிரா, உடைமையா என்ற ஆதி வினாவுக்கு இவ்வாறு இரண்டே வரியில் ஒரு விடை வந்துவிட்டது.

தோலின் உயிரணுவையே பின்னோக்கித் திருப்பிக் கருநிலைக்கு ஒப்பாக்கும் உபாயத்தை ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் சுண்டெலியிலும் மறு ஆண்டு மனிதரிலும் சாதித்து, 2012இல் நோபல் பரிசு பெற்றார். வழக்கின் உக்கிரம் அதனால் தணிந்தது, தீர்ந்துவிடவில்லை.

நம் மாகாணத்தின் மெய்யான சாதனையும் கருவைத் தொடாமலே நிகழ்ந்தது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா வியாதி கடுமையாகப் பீடித்த ஐந்து பேருக்கு, அவரவர் ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, தீங்கு நீக்கிய வைரஸ் ஒன்றின் வழியாகக் குறையான மரபணுவின் நல்ல பிரதியை அதில் ஏற்றி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் திரும்பச் செலுத்தினார்கள். அதற்குமுன் ஆண்டுக்கு இருபது முறைக்குக் குறையாமல் ரத்தக் கசிவால் அவதியுற்றவர்களுக்கு, கண்காணித்த காலம் முழுவதும் ஒரு கசிவுகூட ஏற்படவில்லை என்பது 2024 டிசம்பரில் வெளியாயிற்று. ஐந்தே பேரைக் கொண்ட ஆரம்பம்தான். ஆயினும் பல ஆண்டு நிதானத்தின் பலன்.

இந்த நற்பெயரின் நிழலில்தான் வியாபாரம் நடக்கிறது. பிரசவத்துக்கு நாள் குறித்த வீட்டுக்கு வழவழப்பான ஒரு தாள் வந்து சேருகிறது: ஸ்டெம் செல் நிறைந்த தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், நாளை உங்கள் குழந்தைக்கே அது உயிர்க்காப்பு என்று. கழிவதைக் காப்பது நல்லதுதானே என்று தாயும், மாதத் தவணையை எண்ணித் தகப்பனும் மறுகுகிறார்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளோ, பிற்காலத்தில் தனக்கே உபயோகப்படும் என்று அதைச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று தெளிவாகவே கூறுகின்றன. காரணம் எளிது: குழந்தைக்குப் பிறவியிலேயே மரபணுக் குறை இருந்தால், அதே குறை அந்த ரத்தத்திலும் இருக்கும். இன்னொருவருக்கு அது உதவலாம். அதற்குரிய வழி பொது வங்கி. இந்த நாலு வாக்கியத்தைத் தவணைப் பணம் கட்டும் முன் யாராவது அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

எஞ்சும் கருக்களின் விஷயத்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்துமூலமான சம்மதத்தைக் கேட்கிறது. "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்று நீட்டப்படும் தாளில், எத்தனையோ ஆண்டு ஏக்கத்துக்குப்பின் கருத்தரிக்கும் ஆசையோடு வந்தவள், மிஞ்சும் கருக்களின் கதியைப் படித்துத் தேர்ந்து தீர்மானிப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே கையெழுத்துக்கும் தவணைக்கும் முன்பே பேச்சு நடக்க வேண்டும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியைப் போன்ற இடங்களில், பரிசோதனைக்கு வரும் பெண்கள் வரிசையில் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், நர்ஸம்மா ஒருவர் நடுவில் நின்று தொப்புள்கொடி வங்கியைப் பற்றிப் பேசட்டும். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்க அமைந்த மாநில வாரியம், பதினான்கு நாள் எல்லையை நீட்டலாமா, கருவின் மரபணுவைத் திருத்தலாமா என்பன போன்ற கேள்விகளில் எந்த விதியும் மாற்றப்படுவதற்கு முன், ஆலைக்குக் கூட்டுவதைப் போலவே எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தமிழ்ச் சுருக்கத்தோடு கூட்டம் கூட்டி, பேசியவர் பேச்சையெல்லாம் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பட்டும்.