வளைந்த பிறகும் துருப்பிடிக்காத தகடு

மதுரை தல்லாகுளத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிற அல்கலைன் பென்டார்ச் செல்லின் வண்ண உறைக்குள் வெள்ளிபோல் மின்னும் குழாய் ஒன்று இருக்கிறது. அது எவர்சில்வர் அல்ல. கால் மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண இரும்புத் தகட்டின் மேல் சில மைக்ரான் தடிமனுக்கு நிக்கல் பூசிச் செய்தது. தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்குதான் அந்தப் பூச்சு. செல்லின் ஆயுள் பெருமளவு அதை நம்பித்தான் இருக்கிறது.

பழைய டார்ச் செல்லில் துத்தநாகக் குவளையேதான் எரிபொருள். மின்சாரம் எடுக்க எடுக்கக் குவளை கரையும், ஓட்டை விழும், உள்ளிருப்பது கசியும். அல்கலைன் செல்லில் துத்தநாகம் தூளாக நடுவில் போய்விட்டது. குவளையின் வேலை, உள்ளிருப்பதைத் தாங்குவதும் மின்னோட்டத்தைக் கடத்துவதும் மட்டுமே. உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம் இருக்கிறது. வெறும் இரும்பு அதைத் தொட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஆக்சைடு படிந்து மின்னோட்டத்துக்குத் தடையாகும். நிக்கல் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பழைய லேப்டாப்களிலும் சில மின்சார ஸ்கூட்டர்களிலும் இருக்கும் 18650 வகை லித்தியம் அயனி செல்லின் குவளையும் இதே ஜாதிதான்.

பூசுவது பெரிய காரியமில்லை. நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூன்றையும் கரைத்து மின்முலாம் போடும் முறையை ஆலிவர் வாட்ஸ் 1916-லேயே வெளியிட்டுவிட்டார். சிக்கல் பூசிய பிறகுதான் வருகிறது. தட்டையான தகடு குழாயாக வேண்டும்.

18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம். தகட்டின் தடிமன் மாறாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் குவளைக்குச் சுமார் 71 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டு தேவை. அதன் விளிம்புச் சுற்றளவு ஏறத்தாழ 222 மி.மீ. குவளையின் வாயில் அதே விளிம்பு வெறும் 57 மி.மீ. வெட்டாமல், மடிக்காமல், ஒட்டாமல் மீதி 165 மி.மீ. எங்கே போகிறது? உலோகம் சுற்றுவாட்டில் நெருக்குண்டு நீளவாட்டில் ஓடுகிறது. அச்சு ஒன்றில் தொடங்கி அடுத்தடுத்த அச்சுகளில் படிப்படியாக இழுக்கிறார்கள். ஒரே இழுப்பில் விட்டத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவரப் பார்த்தால் தகடு கிழிந்துவிடும். மென்மையான இரும்பு இந்த ஓட்டத்துக்கு இசைந்துகொடுக்கும். மின்முலாமாகப் படிந்த நிக்கலோ விறைப்பானது. கூடவே ஓட முடியாமல் நுண்ணிய விரிசல் விடுகிறது.

அந்த விரிசல் ஏன் ஆபத்து? நாக முலாமிட்ட வாளியில் கீறல் விழுந்தால் நாம் கவலைப்படுவதில்லை. இரும்பைவிட எளிதில் கரையும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. நிக்கலின் கதை நேர்மாறானது. திட்ட மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44, நிக்கலுக்கு -0.25. நிக்கலும் இரும்பும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் இரும்புதான் முதலில் கரையும். பரந்த நிக்கல் பரப்பின் நடுவே ஊசிமுனை அளவு இரும்பு தெரிந்தால் அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் வந்து குவியும். முழுமையாக இருக்கும்வரை அரண், விரிசல் விட்டால் அதுவே எதிரி. லித்தியம் அயனி செல்லில் இப்படிக் கரைந்த இரும்பு எதிர்மின்வாயில் போய்ப் படிந்தால், உள்ளேயே மின்கசிவு உண்டாகவும் கூடும்.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு அழகாகவே படுகிறது. பூசிய தகட்டை ஆக்சிஜன் இல்லாத உலையில் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறார்கள். இரும்பு 1538-லும் நிக்கல் 1455-லும்தான் உருகும். ஆகவே எதுவும் உருகுவதில்லை. இருந்தாலும் அணுக்கள் நகர்கின்றன. இரண்டின் அணுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சிரமமில்லாமல் போய் அமர்கிறது. எல்லைக்கோடு அழிந்து இரும்பு-நிக்கல் கலப்படலம் பிறக்கிறது. மேலே எஞ்சிய நிக்கலும் புதிய படிகங்களாகி இளகுகிறது. இனி இழுத்தால் பூச்சும் சேர்ந்து ஓடும். மேலே விரிசல் விட்டாலும் அடியில் வெறும் இரும்பு இல்லை, கலப்படலம் இருக்கிறது. சூடு அளவு மீறக் கூடாது. மீறினால் இரும்பு மேற்பரப்புவரை வந்துவிடும். தகட்டின் படிகங்களும் பருத்து, இழுக்கும்போது சொரசொரப்பாகும்.

மின்முலாம், அரிமானம், மின்கலம் என இதில் அடங்கிய மூன்று துறைகளையும் ஒரே வளாகத்தில் ஆராயும் இடம் மதுரைக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. இந்தியாவின் அரிமான வரைபடம் அங்கே உருவானது. மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்து அவை அரிக்கப்படுவதை அளந்தவர்களும் அந்த விஞ்ஞானிகளே.

1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் தல்லாகுளத்தில்தான் இருக்கின்றன. அங்கே வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிக்கல் முலாமிட்ட இரும்புப் பட்டை ஒன்றை வளையுங்கள். உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கரைந்த நீரில் வடிதாளை நனைத்து, ஆசிரியர் முன்னிலையில் அந்த வளைவின் மேல் ஒட்டுங்கள். அமிலத்தை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். இரும்பு வெளியே தெரியும் இடமெல்லாம் நீலப் புள்ளி விழும். வளைக்காத பகுதியிலும் அதே சோதனையைச் செய்து புள்ளிகளை எண்ணி ஒப்பிடுங்கள். பேட்டரியை மட்டும் ஒருபோதும் அறுத்துப் பார்க்க வேண்டாம்.