வயிற்று வலி என்று வந்த பிள்ளை
கல்லூரி மாணவர் நலன்: பெற்றோர் அறிய வேண்டியவை



பருவத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு தாய் தன் மகனை என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். வயது 19. துபாயில் ஒரு சிறிய கல்லூரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக வயிற்று வலி. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாகவே இருந்தன. "எண்டோஸ்கோபி எடுத்துப் பார்த்துடலாமா, டாக்டர்?" என்று கேட்டார் தாய். அவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, இரவில் தூங்குகிறீர்களா?" என்று கேட்டேன். பையன் அழுதுவிட்டான்.

முதல் ஆண்டில் இரண்டு பாடங்களில் தோல்வி. வீட்டில் சொல்லவில்லை. அப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார். அவருடைய கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு. தூக்கம் வராததால், ஊரிலிருந்து வந்த பாட்டியின் அல்பிரசோலம் மாத்திரைகளைத் தானாகவே எடுத்துப் போட்டிருக்கிறான். "கல்லூரியில் கவுன்சிலர் இருப்பாரே, அவரிடம் போகவில்லையா?" என்றேன். "போனா விசா போயிடும்னு பசங்க சொன்னாங்க, டாக்டர்" என்றான்.

(அனுமதி பெற்று, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.)

எனக்கு என் மாணவப் பருவம் நினைவுக்கு வந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது நான் மருத்துவ மாணவன். பாடக் குறிப்புகளை ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு நடந்தேன். பிறகு பல வாரங்கள் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. இருதய நோய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூத்த வகுப்பு அண்ணா ஒருவர்தான், "தம்பி, ராவிலை நித்திரை கொள்ளுறியோ?" என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வளைகுடாவில் கல்லூரிகள்

2000ஆம் ஆண்டில் பிட்ஸ் பிலானி துபாயில் தன் வளாகத்தைத் தொடங்கியது. 2003இல் நாலெட்ஜ் வில்லேஜ், 2007இல் துபாய் அகாடமிக் சிட்டி வந்தன. முன்பு பிளஸ் டூ முடித்ததும் ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர் இப்போது இங்கேயே படிக்கிறார்கள். பல வளாகங்கள் சிறியவை. ஒரு நர்ஸ் அறை, ஒரு கவுன்சிலர், மாணவர் சேவை அலுவலர் என்று வசதிகள் அளவாகவே இருக்கும். ஆனால் சிறிய கல்லூரியில் ஒரு நன்மையும் உண்டு: பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியருக்குத் தெரியும். அந்த வசதிகளை நாம் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

விசா பயம் சரியா?

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுநோய்களுக்கானது. மனச்சோர்வுக்கு அதில் சோதனை கிடையாது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் எண் கூட்டாட்சி மனநலச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைப் பாதுகாக்கிறது. மேலும், 2022 அக்டோபர் முதல் மகன்களை 25 வயது வரை பெற்றோர் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படியான விசா பரீட்சைத் தோல்வியால் போவதில்லை. கல்லூரி எடுத்துத் தந்த மாணவர் விசா என்றால் கதை வேறு. அது படிப்பைத் தொடர்வதைப் பொறுத்தது. ஒரு பருவத்தை விடுவதற்கு முன் மாணவர் சேவை அலுவலகத்தில் கட்டாயம் பேச வேண்டும்.

மாத்திரைகளில் கவனம்

டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, டயசிபாம், அல்பிரசோலம், பிரிகாபலின், கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் ஆகியவை இங்கு கட்டுப்பாட்டு மருந்துகள். மருந்துச் சீட்டும் இணையவழி முன் அனுமதியும் இல்லாமல் ஊரிலிருந்து கொண்டுவரவே கூடாது. இன்னொருவருக்கு எழுதிய மாத்திரையை விழுங்குவதும் சட்டப்படி தவறு. மருத்துவ ரீதியிலும் ஆபத்து: அல்பிரசோலத்தைத் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

சேர்க்கையின்போது கேளுங்கள்

1. நர்ஸ் எந்த நேரம் இருப்பார்? மாலை, வார இறுதியில் யாரை அழைப்பது?
2. கவுன்சிலர் முழுநேரமா? பிள்ளை சொல்வது யார் யாருக்குப் போகும்?
3. தோற்ற பாடத்தை மீண்டும் எழுத வழி என்ன, கட்டணம் எவ்வளவு?
4. கட்டணம் கட்டச் சிரமம் வந்தால் தவணை உண்டா?
5. ஹாஸ்டலில் இரவில் பொறுப்பாளர் இருக்கிறாரா?

இன்சூரன்ஸ் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டப்படி காப்பீடு கட்டாயம். ஆனால் மனநல சிகிச்சைக்கு எவ்வளவு தருவார்கள் என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, நண்பர்களைத் தவிர்த்தல், காரணம் தெரியாத தலைவலி, வயிற்று வலி. இவை நடிப்பு அல்ல. மனம் பதறும்போது குடலும் பதறும், வலி உண்மையானது. "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியே விடாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். உடனடி ஆபத்து என்றால் அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998, காவல்துறை 999.

அந்தப் பையனின் சம்மதத்தோடு தாயை உள்ளே அழைத்தேன். அவர் திட்டவில்லை. "இதைச் சொல்லவா இவ்வளவு நாள் பயந்தே?" என்று மட்டும் கேட்டார். மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். கல்லூரிக் கவுன்சிலர் இரண்டு பாடங்களையும் அடுத்த பருவத்தில் எழுத ஏற்பாடு செய்ய உதவினார். எண்டோஸ்கோபி தேவைப்படவில்லை.

இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "நல்லாத் தூங்குறியா?" என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.