மனச்சிதைவும் மாதர் நிலையும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், உடம்பில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். மனம் பேதலித்தால் மட்டும் மறைக்க முற்படுகிறோம். சென்ற மாதம் தருமபுரியிலிருந்து வந்து ஆனேக்கல் ரோடு நிலையத்தில் இறங்கிய ஒருவர் என்னிடம் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு வழி கேட்டார். உடன் நின்ற தங்கை வாய் திறக்கவில்லை. “கலியாணம் ஆனால் தெளிந்துவிடும் என்றார்கள், சார். இரண்டே வருஷத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்” என்றார். அச்சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரைப் பற்றுகிறது. இல்லாத குரல் காதில் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக நம்புவதும் இதன் குறிகள். இது பேயுமன்று, பாவமுமன்று. மூளையைப் பற்றிய நோய்.

ஆணின் மூளை சராசரியாகப் பெண்ணின் மூளையினும் பத்தில் ஒரு பங்கு அளவில் பெரிது. அதனால் அறிவு மிகுதி என்று கொள்ளலாகாது. மேனாட்டு ஆய்வுகள் பலவற்றில், இந்நோய் ஆண்களுக்கு இருபது வயதை ஒட்டியும், பெண்களுக்குச் சில ஆண்டுகள் தாழ்ந்தும் தோன்றக் கண்டனர். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் புதிதாக நோயுறும் பெண்களும் உளர். பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மூளையிலுள்ள டோபமின் என்னும் பொருளின் செயலைத் தணித்துக் காக்கிறது என்பது அறிஞர் சிலர் கொள்கை.

ஆயினும், நாம் வாழும் இக்கன்னட நாட்டில், ஷிமோகா மாவட்டத்துத் தீர்த்தஹள்ளியில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவில், நோய் தொடங்கும் வயதில் அத்தகைய வேறுபாடு புலப்படவில்லை. ஆதலின் ஆணாயினும் பெண்ணாயினும் வயதை எண்ணி வாளாவிருத்தல் தகாது.

நோயில் வேறுபாடு சிறிதாயினும், நாம் நடத்தும் விதத்தில் வேறுபாடு பெரிது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ப் நிறுவனத்தார், மணவாழ்வு முறிந்த நோயாளிப் பெண்களின் துயரை ஆராய்ந்து எழுதியுள்ளனர். நோய் ஒரு சுமை. கைவிடப்படுதல் மற்றொரு சுமை.

திருமணம் இந்நோய்க்கு மருந்தன்று. காலத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாத மருந்தும், வீட்டாரின் பொறுமையுமே துணை. ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நமக்கு எட்டாத தொலைவன்று. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை இலவசமாக அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

அவ்விருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன். தங்கையின் கையைத் தமையன் விடவில்லை. நம் இல்லங்களிலும் அக்கை விடாதிருப்போமாக.