பி.டி. பீரியட் யாருக்குச் சொந்தம்?

இன்னைக்கு எபிசோடு பள்ளிக்கூடத்தைப் பத்தி. டைம்டேபிள்ல இருக்கும், ஆனா நடக்காது. அப்படி ரெண்டு பீரியட் நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு பி.டி., இன்னொண்ணு கைத்தொழில். நான் படிச்ச ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அந்த நேரத்துல கணக்கு சார் சாக்பீஸோட உள்ள வந்துடுவார். உங்களுக்கும் இதே கதைதான்னு நினைக்கிறேன்.

நகரத்துல இருக்கற நமக்கு அது ஒரு சின்ன வருத்தம். மீம் போட்டுக் கடந்துடுவோம். ஆனா கடலோரத்துல இருக்கற ஒரு ஊரை வெச்சுப் பார்த்தா விஷயம் வேற மாதிரி தெரியுது. அதனால இன்னைக்கு கிளிஞ்சல்மேட்டுக்குப் போவோம்.

கிளிஞ்சல்மேடு காரைக்கால் நகரத்தை ஒட்டி இருக்கற மீனவர் கிராமம். சுத்தி தமிழ்நாடு, ஆனா நிர்வாகம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கற புதுச்சேரியோடது. 2004 டிசம்பர் 26 சுனாமியில அடிபட்ட கரை இது. புதுச்சேரிக்குன்னு தனிக் கல்வி வாரியம் கிடையாது. அதனால காரைக்கால் பிள்ளைங்க ரொம்ப காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துலதான் படிச்சாங்க. 2023-24 கல்வியாண்டுல அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாற ஆரம்பிச்சது. இந்த மாற்றத்தோட பி.டி.க்கும் கைத்தொழிலுக்கும் புது விதிகள் வந்து சேர்ந்தது. அந்த விதிகளுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

இந்த ரெண்டு பீரியடும் எங்கிருந்து வந்தது?

உடற்கல்வியை இங்க ஒரு தொழில்முறைப் பாடமா ஆக்கினதுல சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1920-ல ஹாரி குரோ பக்ங்கற அமெரிக்கர் சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோட அவரும் போனார். பி.டி. வாத்தியாருக்கும் தனிப் பயிற்சி வேணும், அதுவும் ஒரு படிப்புங்கற எண்ணம் இங்க அப்படித்தான் வேர் பிடிச்சது.

கைத்தொழில் பக்கம், 1937 அக்டோபர்ல வார்தாவுல காந்தி கூட்டின கல்வி மாநாடு. அதுல பிறந்தது ஆதாரக் கல்வி. அதுக்குப் பாடத்திட்டம் எழுதின குழுவுக்குத் தலைவர் ஜாகிர் உசேன், பின்னாடி குடியரசுத் தலைவர் ஆனவர். சேவாகிராமத்துல அந்தக் கல்வியை நடத்திக் காட்டினவர்ல ஒருத்தர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத்துத் தமிழர். நூல் நூற்கும்போதே கணக்கு, தோட்டம் போடும்போதே அறிவியல். வேலை வழியா அறிவு வரணும்ங்கறதுதான் அதோட சாரம்.

கேக்க அழகா இருக்கு, இல்லையா? ஆனா தமிழ்நாட்டுல 'கைத்தொழில் கல்வி'ன்னு சொன்னா நிறைய பேர் நிமிர்ந்து உட்காருவாங்க. காரணம் 1953. அப்போ சென்னை மாகாண முதல்வரா இருந்த ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைங்க வீட்டுல அப்பா, அம்மா செய்யற தொழிலைக் கத்துக்கணும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் 'குலக்கல்வி'ன்னு சொல்லி எதிர்த்தாங்க. 1954-ல காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நேரத்துல காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில இருந்தது. 1954 நவம்பர் 1-லதான் இந்தியாவோட கைக்கு வந்தது. அதனால அந்தத் திட்டம் காரைக்காலைத் தொடவே இல்ல. ஆனா அது கிளப்பின கேள்வி அங்கேயும் இருக்கு.

வலைக்குப் பிறந்தவன் வலைக்கே போகணுமா?

மீனவர் ஊர்ப் பள்ளியில 'செய்முறைக் கல்வி'ன்னு வலை பின்னச் சொல்லிக்கொடுத்தா என்ன ஆகும்? பையன் அதை வீட்டுத் திண்ணையிலேயே கத்துக்கிட்டிருப்பான். அப்புறம் எதுக்குப் பள்ளிக்கூடம்? ஒரு அம்மா "எம்புள்ள படிச்சு வேற வேலைக்குப் போகட்டும்"னு அனுப்பறாங்க. அவங்க கிட்ட திரும்பவும் வலையை நீட்டினா கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது.

அதுக்காக செய்முறையே வேண்டாம்னு சொல்லிட முடியுமா? இன்னைக்கு மீன்பிடிப்புல ஜி.பி.எஸ். இருக்கு, எக்கோ சவுண்டர் இருக்கு, ஃபைபர் போட்டும் இன்ஜினும் இருக்கு. மீன் கெடாம இருக்க ஐஸ், குளிர்சாதனம். ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் இயற்பியல், வேதியியல், மின்னியல் இருக்கு. ஒலி தண்ணிக்குள்ள போய் மோதித் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு ஆழம் கணக்கு போடறதுதான் எக்கோ சவுண்டர். அதை வகுப்புல பிரிச்சுப் பார்த்த பொண்ணு நாளைக்குக் கப்பலுக்கும் போகலாம், ஆஸ்பத்திரியில ஸ்கேன் மெஷினையும் பழுது பார்க்கலாம். தொழிலைச் சொல்லிக்கொடுக்கறதுக்கும் தொழிலுக்குள்ள இருக்கற அறிவைச் சொல்லிக்கொடுக்கறதுக்கும் இவ்வளவு தூரம் இருக்கு.

இப்போ சி.பி.எஸ்.இ. விதிக்கு வருவோம். பத்தாம் வகுப்புல திறன் பாடம் ஒண்ணை ஆறாவது பாடமா எடுக்கலாம். 50 மார்க் எழுத்து, 50 மார்க் செய்முறை. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூணுல ஒண்ணுல தவறிட்டு, திறன் பாடத்துல பாஸ் ஆனா, அது அந்த இடத்தை நிரப்பும். தடுமாறற பிள்ளைக்கு இது பெரிய கைப்பிடி. அதே நேரம் 'படிப்பு வராதவங்களுக்கு திறன் பாடம்'னு முத்திரை விழவும் இதுவே வழி. நல்லா படிக்கறவங்களும் அதே பெஞ்சுல உட்கார்ந்தாத்தான் அந்த முத்திரை அழியும்.

கடல் பக்கத்துல, நீச்சல் தூரத்துல

உடற்கல்விக்கும் விதி இருக்கு. 2018-ல சி.பி.எஸ்.இ. 9 முதல் 12 வரைக்கும் தினம் ஒரு பீரியட் விளையாட்டுக்கும் உடல்நலத்துக்கும்னு சொல்லிடுச்சு. 5 முதல் 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் உடல் அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக, கணக்கு சார் எடுத்துக்கிட்ட அந்த பீரியட் பிள்ளையோட உரிமை.

கிளிஞ்சல்மேடு மாதிரி ஊர்ல அதுக்கு இன்னும் கனம் அதிகம். சுனாமிக்கு அப்புறம் 2005 மார்ச்ல ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பல இடங்கள்ல ஆண்களைவிடப் பெண்கள் அதிகமா இறந்ததைக் காட்டுச்சு. காரணங்கள் பல. அதுல ஒண்ணு, ஆண் பிள்ளைங்க அளவுக்குப் பெண் பிள்ளைங்க நீந்தவும் மரம் ஏறவும் பழகாதது. கடலை தினம் பார்த்து வளர்ற பொண்ணு, ஆனா தண்ணி அவளுக்குப் பழக்கமில்ல.

பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பும் சொல்லிக்கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்குது. அலையும் இழுப்பும் இருக்கற கடல் இதுக்கு வகுப்பறை ஆகாது. நீச்சல் குளம் கட்டினாத்தான் ஆச்சுன்னும் இல்ல. வங்கதேசத்துல ஊர்க் குளத்துக்குள்ள மூங்கில் மேடை கட்டி, பயிற்சி பெற்றவங்க பிள்ளைகளுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கறாங்க. குளமே இல்லாட்டியும் மைதானத்துலயே ஆரம்பிக்கலாம். மூழ்கறவங்களைப் பார்த்து உடனே குதிக்காத, கத்தி ஆளைக் கூப்பிடு, கயிறு கட்டின காலி கேனை வீசு. ஒரு பி.டி. பீரியட் போதும் இதைப் பழக.

அதனால உங்க வீட்டுல ஸ்கூல் போற தம்பி, தங்கச்சி இருந்தா மூணு கேள்வி கேளுங்க. இந்த வாரம் எத்தனை பி.டி. பீரியட் நிஜமா நடந்தது? பொண்ணுங்களும் மைதானத்துல இருந்தாங்களா? திறன் பாடத்தை எடுக்கச் சொல்லி யாரை அனுப்பறாங்க, எல்லாரையுமா, சிலரை மட்டுமா? பதில் கிடைச்சா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.